14 பக்கக் கையேடு எழுதியும் ஏன் போன் வருகிறது?

துணுக்காய்ப் பக்கம் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் 11 பழைய லப்டொப்புகள் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் விண்டோஸ் 10 ஓடியவை. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புதிய புரொசஸரும் இவற்றில் இல்லை. ஆகவே விண்டோசுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட். பிள்ளைகள் தாங்களே போட்டுப் பழகட்டும் என்று தமிழில் 14 பக்கக் கையேடும் எழுதிவிட்டார். "எல்லாப் படியும் எழுதியிருக்கிறன் அண்ணை. ஆனாலும் ஒவ்வொருத்தரும் நடுவில நின்றுகொண்டு எனக்குப் போன் எடுக்கினம். இன்னும் என்னத்தை எழுத வேணும்?"

கையேட்டை இரண்டு தரம் வாசித்தேன். படி ஒன்றும் விடுபடவில்லை, பிழையும் இல்லை. கிளிநொச்சியில் கணினி திருத்தும் கடை வைத்து, பின்னேரங்களில் வகுப்பும் எடுக்கிற நானும் என் முதல் கையேட்டை இப்படித்தான் எழுதினேன். என்ன செய்ய வேண்டும் என்பது முழுவதும் இருக்கிறது. செய்த பிறகு திரையில் என்ன தெரியும் என்பது எங்குமே இல்லை.

வவுனியாவிலிருந்து முதன்முறை மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்கு வருகிற ஒருவருக்கு எப்படி வழி சொல்வோம்? "ஏ9 ரோட்டால நேர வாங்கோ" என்று நிறுத்த மாட்டோம். ஓமந்தை வரும், புளியங்குளம் வரும், கனகராயன்குளம் வரும், மாங்குளம் சந்தியில் வலப்பக்கம் ஒட்டுசுட்டான் ரோட்டுப் பிரியும், அதற்குள் இறங்கிவிடாதீர்கள், முறிகண்டிப் பிள்ளையாரைக் கண்டால் சரியாகத்தான் வருகிறீர்கள், கச்சானும் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்போம். வழி கேட்டவருக்கு நேரே ஓட்டத் தெரியும். இப்போது சரியான ரோட்டில்தான் இருக்கிறோமா என்பதுதான் அவருக்குத் தெரியாது. உங்கள் 14 பக்கத்திலும் ஒரு பிள்ளையார் கோயில் இல்லை.

உங்கள் ஆறாவது படியையே எடுப்போம். "கணினியை மீளத் தொடக்கி, பூட் மெனுவுக்குள் சென்று, யூஎஸ்பியைத் தெரிவு செய்க." பூட் மெனு என்பது எதிலிருந்து தொடங்குவது என்று கணினி கேட்கும் பட்டியல். உங்களுக்கு அது மூன்று விநாடி வேலை. எனது வகுப்பில் போன மாதம் ஒரு பிள்ளை இதே மாதிரி ஒரு வரியோடு 40 நிமிடம் மாரடித்தது. நான் பின்னால் கதிரை போட்டு, வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். பிள்ளை ரீஸ்டார்ட் கொடுத்தது. கம்பனியின் சின்னம் தெரிந்து மறைந்தது. விண்டோஸ் வந்துவிட்டது. "மெனு வரேல்லையே" என்று திரும்பவும் ரீஸ்டார்ட். மெனு தானாக வரும் என்று காத்திருந்திருக்கிறது, பாவம். ஏதோ விசை அழுத்த வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நான்காம் தரம் பக்கத்திலிருந்த பெடியன் "எஃப் 12" என்றான். அழுத்தியது, ஆனால் சின்னம் மறைந்த பிறகு. அடுத்த தரம் நேரத்துக்கு அழுத்தியது. மெனு வந்தது. அதில் யூஎஸ்பி என்ற சொல்லே இல்லை. பென் டிரைவைச் செய்த கம்பனியின் பெயர்தான் இருந்தது. பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, இது வேறு ஏதோ என்று எஸ்கேப் அடித்து வெளியே வந்துவிட்டது.

அந்த ஒரு வரிக்குள் நான்கு இடத்தில் வழி தவறலாம். திருத்தி எழுதினால் இப்படி வரும்:

"லப்டொப்பை முழுவதும் நிறுத்துங்கள். பென் டிரைவைக் குத்துங்கள். பவர் பட்டனை அழுத்திய உடனேயே எஃப் 12 விசையை விநாடிக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டே இருங்கள். பொதுவாகக் கறுப்பு அல்லது நீலப் பின்னணியில் நான்கைந்து வரிகள் கொண்ட ஒரு பட்டியல் வரும். அதில் பென் டிரைவில் அச்சடித்திருக்கும் பெயர் இருக்கும் வரிக்கு அம்புக்குறி விசையால் போய் என்டர் அழுத்துங்கள். பட்டியல் வராமல் விண்டோஸ் வந்துவிட்டால் ஒன்றும் கெடவில்லை. நிறுத்திவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்."

நீளம் கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு போகிறவர் போன் எடுக்க மாட்டார். கடைசி வரியைப் பாருங்கள், "ஒன்றும் கெடவில்லை" என்பது. புதிதாகச் செய்கிறவரின் கை நிற்பது பெரும்பாலும் விளங்காததால் அல்ல, பயத்தால். இரவல் பொருள், அன்பளிப்பாக வந்த பொருள், உடைத்துவிட்டோமோ என்ற பயம். எங்கே பயமில்லாமல் பிழை விடலாம், எங்கே ஒரு பட்டன் அழுத்தினால் திரும்ப வழியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டியது எழுதுகிறவரின் வேலை.

எஃப் 12 என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. டெல், லெனோவோ பெரும்பாலும் எஃப் 12. எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப் 9. ஏசரில் எஃப் 12 தான், ஆனால் பல மாடல்களில் அது பயோஸ் என்ற அடிப்படை அமைப்புகளுக்குள் முடக்கப்பட்டிருக்கும். முதலில் எஃப் 2-ஆல் உள்ளே போய் அதைத் திறந்துவிட வேண்டும். நீங்கள் உலகத்து லப்டொப் எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டிருக்கிறீர்கள், ஒரு பக்கம் முழுவதும். தேவையில்லை. உங்களிடம் இருப்பவை 11. ஒவ்வொன்றிலும் ஒருக்கா அழுத்திப் பார்த்து, சரியான விசையை மார்க்கர் பேனாவால் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மிச்சம்.

இன்னொன்று, சிரிக்க வேண்டாம், நானும் செய்த பிழைதான். கையேட்டைப் பிடிஎஃப் ஆக்கி அதே லப்டொப்பின் டெஸ்க்டொப்பில் வைத்திருக்கிறீர்கள். ரீஸ்டார்ட் கொடுத்த கணமே அது போய்விடும். ஆறாவது படிக்குப் பிறகு எல்லோரும் போன் எடுப்பதற்குப் பாதிக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம். அச்சடித்துக் கொடுங்கள், அல்லது போனில் திறக்கச் சொல்லுங்கள். அச்சடிப்பது நல்லது, ஓரத்தில் பிள்ளைகள் கிறுக்கி வைப்பார்கள், அந்தக் கிறுக்கல் உங்களுக்குப் பிறகு உதவும்.

மின்ட் நிறுவுவதற்கான பென் டிரைவைத் தயாரிக்கும் பகுதியில் ரூஃபஸ், எச்சர், வென்டோய் என்று மூன்று மென்பொருளின் வழியும் கொடுத்திருக்கிறீர்கள். முல்லைத்தீவுக்கு மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகவும் போகலாம், பரந்தனால் திரும்பிப் புதுக்குடியிருப்பு வழியாகவும் போகலாம். முதல் தரம் போகிறவருக்கு இரண்டையும் சொன்னால் அவர் மாங்குளத்தில் நின்று பரந்தனைத் தேடுவார். ஒன்றைத் தெரிவு செய்து மற்றதை வெட்டுங்கள். நான் ரூஃபசைத்தான் சொல்வேன். அதிலேயே ஐஎஸ்ஓ கோப்பின், அதாவது இறக்கிய மின்ட் கோப்பின், ஷா 256 எண்ணை (கோப்பு பழுதாகாமல் வந்ததா என்று காட்டும் கைரேகை மாதிரி) பார்க்க ஒரு சிறிய சரி அடையாளப் பட்டன் இருக்கிறது. எங்கள் பக்கம் அது முக்கியம். மின்ட் கோப்பு 3 ஜிபி அளவு. ஒருவர் நைட் டேட்டாவில் இறக்கி, அது பத்துக் கை மாறிப் பென் டிரைவிலேயே ஊர் சுற்றும். நடுவில் எங்கோ பழுதாகிப் போன கொப்பியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். எண்ணின் முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் கையேட்டிலேயே அச்சடித்து, இவை ஒத்துப்போகின்றனவா பார் என்று சொன்னால் போதும். கெட்டுப்போன கொப்பியைப் பிடிக்க அது காணும். 64 எழுத்தையும் ஒப்பிடு என்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

அதே பகுதியில் ஒரு கோயில் கட்டாயம் வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே இழுத்துப் பென் டிரைவுக்குள் போட்டுவிட்டு "பூட் ஆகுதில்லை அண்ணை" என்று வருகிறவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள். "முடிந்ததும் பென் டிரைவைத் திறந்து பாருங்கள். உள்ளே பல கோப்புறைகள் தெரிந்தால் சரி. ஒரேயொரு பெரிய கோப்பு மட்டும் தெரிந்தால் அது வெறும் கொப்பி. ரூஃபசால் திரும்பச் செய்யுங்கள்." இவ்வளவும் போதும்.

இனி, எனக்கு நினைக்கவே மனம் வராத ஒரு விசயம். எனது முதல் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் "முக்கியமான தரவுகளைக் காப்புநகல் எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தேன். விசுவமடுவிலிருந்து வகுப்புக்கு வந்த ஒரு பெடியன் அதை வாசித்துவிட்டு வீட்டு லப்டொப்பில் லினக்ஸ் போட்டான். அந்த வீட்டில் 2009-இல் இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் தப்பியிருந்த படங்களை ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லிச் சேர்த்து வைத்திருந்தார்கள். அம்மப்பாவின் ஒரேயொரு படமும் அதற்குள். ஏன் எடுத்து வைக்கவில்லை என்று கேட்டேன். தரவு என்றால் கணக்கு, அட்டவணை மாதிரி ஏதோ என்று நினைத்தானாம். படங்களும் தரவு என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? பாடப் புத்தகத்துச் சொல்லைப் பாடப் புத்தகத்து அர்த்தத்தில்தான் எடுத்திருக்கிறான். மீட்கிற மென்பொருளை இரண்டு நாள் ஓடவிட்டுப் பாதிக்கு மேல் எடுத்துக் கொடுத்தேன். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. யார் எந்தக் கலியாணத்தில் எடுத்த படம் என்று அவனுடைய அம்மா இருந்து ஒவ்வொன்றாகப் பெயர் போட்டார்.

இப்போது எனது கையேட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: "இந்த லப்டொப்பில் உள்ள படம், வீடியோ, பாட்டு, கடிதம் எல்லாம் அழியும். டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் திறந்து பாருங்கள். வேண்டியதை வேறொரு பென் டிரைவுக்குக் கொப்பி செய்யுங்கள். கொப்பி செய்ததை இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்." உங்கள் 11 லப்டொப்பிலும் பிள்ளைகளின் படம் ஒன்றும் இல்லைத்தான். ஆனால் கையேடு அங்கேயே நிற்காது, வீட்டுக்குப் போகும், ஃபொட்டோ கொப்பி ஆகும். எச்சரிக்கை எப்போதும் படிக்கு முன்னால் வரட்டும். நீங்கள் 9-ஆவது படியில் டிஸ்க்கை அழிக்கச் சொல்லிவிட்டு அதற்குக் கீழே "குறிப்பு" என்று போட்டிருக்கிறீர்கள். கையில் மவுசோடு வாசிக்கிறவர் குறிப்புக்கு வரும்போது வேலை முடிந்திருக்கும்.

டிஸ்க் தெரிவு செய்யும் இடத்தில் லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை வைத்து விளக்கியிருக்கிறீர்கள். சில லப்டொப்பில் அந்தப் பெயர்கள் மாறியும் வரும், என்விஎம்இ என்ற புதிய வகை டிஸ்க் என்றால் பெயரே வேறு. அளவை வைத்துச் சொல்லுங்கள். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கடையில் 500 ஜிபி என்று விற்ற டிஸ்க்கை விண்டோஸ் 465 என்று காட்டும், மின்ட் நிறுவி 500 என்று காட்டும். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் கணக்குப் பார்க்கிறது, மற்றது 1000-ஆல். இது தெரியாத பிள்ளை, இது எங்கட டிஸ்க் இல்லைப்போல என்று அங்கேயே நின்றுவிடும். பெரியது லப்டொப்பின் டிஸ்க், 16 அல்லது 32 என்று இருப்பது நீங்கள் குத்திய பென் டிரைவ் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. பாட்டிஷன் பிரிக்கும் (டிஸ்க்கைப் பகுதிகளாக்கும்) விளக்கம் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நன்றாகவும் எழுதியிருக்கிறீர்கள், காணிக்கு வேலி போடுகிற உவமையெல்லாம் எனக்குப் பிடித்தது. அதைத் தூக்கிக் கடைசியில் போடுங்கள். முழு டிஸ்க்கையும் அழித்துப் போடுகிறவருக்கு வேலியைப் பற்றி இன்றைக்குத் தெரிய வேண்டியதில்லை.

சொற்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓஎஸ் என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் பணிசெயல் முறைமை, தமிழ்நாட்டில் இயங்குதளம் அல்லது இயக்க முறைமை, கடைக்கு வருகிறவர் வாயில் "விண்டோஸ் போட்டுத் தாங்கோ". மூன்றும் ஒன்றுதான் என்று முதல் பக்கத்தில் ஒரு தரம் சொல்லிவிட்டு ஏதாவது ஒன்றையே கடைசிவரை பாவியுங்கள். நீங்கள் ஓரிடத்தில் வன்தட்டு, ஓரிடத்தில் ஹார்ட் டிஸ்க், இன்னோரிடத்தில் சேமிப்பகம் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையில் அது அழகு. இங்கே வாசிக்கிறவர் மூன்று வெவ்வேறு சாமான் என்று நினைப்பார். பட்டன்களின் பெயரை மட்டும் மொழிபெயர்க்கவே வேண்டாம். திரையில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில், அதே பெரிய எழுத்துச் சின்ன எழுத்தோடு அச்சடியுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட உருவத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடும். "இப்போது நிறுவுக" என்று எழுதினால் எந்தப் பிள்ளையாலும் கண்டுபிடிக்க முடியாது.

அதோடு ஒட்டிய ஒன்று: நிறுவும்போது தமிழைத் தெரிவு செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். உணர்வு விளங்குகிறது. என் அபிப்பிராயம் வேறு. மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் முழுமையாக இல்லை. பாதி தமிழ், பாதி ஆங்கிலமாக வரும், உங்கள் படங்களோடும் ஒத்துப்போகாது. முதலில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, ஓடத் தொடங்கியபின் தமிழுக்கு மாற்றலாம். விசைப்பலகையோ கட்டாயம் ஆங்கிலம். தமிழ் விசைப்பலகையைத் தெரிவு செய்துவிட்டுக் கடவுச்சொல் போட்ட ஒருவர், அடுத்த நாள் உள்நுழைய முடியாமல் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கடவுச்சொல் எழுத்துக்குப் பதில் வெறும் புள்ளிகள்தானே தெரியும். தமிழில் விழுகிறதா ஆங்கிலத்தில் விழுகிறதா என்று எப்படித் தெரியும்? தமிழ் 99, ரெங்கநாதன், உச்சரிப்பு முறை எல்லாவற்றையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதி, அதற்கு வேறாக அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

அப்புறம், ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும் இடங்கள். இவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் தெரிந்தவருக்கு அவை கண்ணிலேயே படுவதில்லை. கோப்புகள் இறக்குகிறேன் என்று பட்டை ஓரிடத்தில் நிற்கும். எங்கள் இணைய வேகத்துக்கு அரைமணி நேரமும் நிற்கும். அருகில் ஸ்கிப் என்ற பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினாலும் நிறுவல் தொடரும், விடுபட்டதைப் பிறகு சேர்க்கலாம்; இணைப்பே இல்லாமல் நிறுவினால் இன்னும் சுகம். பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் என்ற பெட்டியில் சரி போட்டால், செக்யூர் பூட் (தெரியாத மென்பொருள் தொடங்காமல் தடுக்கும் காவல்) உள்ள லப்டொப்பில் கடவுச்சொல் ஒன்று கேட்கலாம். கேட்டால், அடுத்த தரம் தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வந்து பத்து விநாடி மட்டும் காத்திருக்கும். நீலத் திரை என்றாலே விண்டோஸ் செத்துப்போனதாக நினைத்துப் பழகிய கண்கள் இவை. அதன் படத்தைப் பெரிதாகப் போட்டு, பயப்படாதே, என்ரோல் என்று தொடங்கும் வரிக்குப் போய் அதே கடவுச்சொல்லைக் கொடு என்று எழுத வேண்டும். கடைசியில் பென் டிரைவைக் கழற்றிவிட்டு என்டர் அழுத்து என்ற செய்தி வரும். சிலர் அது வருமுன்பே கழற்றிவிடுவார்கள், சிலர் கழற்றவே மாட்டார்கள், திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறதே என்று போன் எடுப்பார்கள். விண்டோசையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் போடுகிறவர்களுக்கு விண்டோஸ் மணிக்கூடு ஐந்தரை மணி நேரம் பிந்திக் காட்டலாம். லினக்ஸ் லப்டொப்பின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. வைரஸ் இல்லை.

பூட் மெனு, நீலத் திரை போன்ற இடங்களின் படங்களைக் கணினியாலேயே எடுக்க முடியாது, ஸ்கிரீன்ஷொட்டுக்கு முந்திய கட்டம் அது. போனால் படம் பிடியுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை காண்பதும் அதைத்தான்.

ஐபிஎம் ஆய்வுகூடத்தில் ஜோன் கரோல் என்பவர் 1980களில் அலுவலக ஊழியர்கள் கணினியில் எழுதப் பழகுவதை உட்கார்ந்து கவனித்தார். கையேட்டை ஒருவரும் வரிசையாக வாசிக்கவில்லை. நடுவில் குதித்தார்கள், தாங்களாக அழுத்திப் பார்த்தார்கள், பிழைத்தபோதுதான் கையேட்டைத் தேடினார்கள். முன்னுரைகளை வெட்டி, வேலையிலேயே தொடங்கி, பிழைத்தால் எப்படி மீள்வது என்பதற்கு இடம் கொடுத்த மெல்லிய கையேட்டை அவர் செய்து பார்த்தார். ஆட்கள் அதில் கெதியாகப் பழகினார்கள். உங்கள் முதல் இரண்டு பக்கத்தில் லினக்ஸ் வரலாறும் சுதந்திர மென்பொருளின் தத்துவமும் இருக்கின்றன. எனக்கும் பிரியமான விசயம்தான். வகுப்பில் வாயால் சொல்லுங்கள்.

ஆகவே இன்னும் என்னத்தை எழுதுவது என்று கேட்டதற்கு என் பதில்: இப்போதைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இதுவரை ஓஎஸ் போடாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, அச்சடித்த கையேட்டையும் ஒரு லப்டொப்பையும் கொடுத்து, பின்னால் இருந்து பாருங்கள். பேசாமல் இருப்பதுதான் கடினம், நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். கை நிற்கிற இடத்தில் நேரத்தைக் குறியுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் அந்தப் படியில் பிழை இருக்கிறது, பிள்ளையில் இல்லை. மூன்று பிள்ளைகளோடு செய்தாலே பெரும்பாலான இடங்கள் வெளிச்சமாகும். உங்களிடம் 11 லப்டொப் இருப்பது இதற்கு நல்ல வசதி, எத்தனை தரமும் அழித்து அழித்துப் போடலாம். கடைசியாகப் பிள்ளைகளிடம் கையளிக்கும் முன் மட்டும் பென் டிரைவிலிருந்து தொடங்கும்போது வரும் மின்ட் மெனுவில் ஓஇஎம் இன்ஸ்டால் (பிறருக்குக் கொடுக்கும் கணினிக்கான முறை) என்பதைத் தெரிவு செய்து போட்டு, நிறுவிய பிறகு பயனரிடம் கையளிக்கத் தயார் செய்யும் கடைசிப் படியையும் முடித்துவிடுங்கள். முதல் தரம் திறக்கிற பிள்ளையே தன் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துக்கொள்ளும்.

முதல் பக்கத்தில் எந்த மின்ட் பதிப்புக்கு எழுதியது, எந்த மாடலில், எந்த மாதம் செய்து பார்த்தது என்று ஒரு வரி வேண்டும். அதற்குக் கீழே உங்கள் போன் நம்பர் இருக்கிறது, அதை எடுக்க வேண்டாம். பக்கத்தில் இதைச் சேருங்கள்: "எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று படி எண்ணைச் சொல்லுங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள்." வருகிற படங்களை அந்தந்தப் படிக்குக் கீழே ஒட்டி, "இப்படி வந்தால்" என்று தலைப்புப் போட்டு, என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள்.